ஒரே 47, இரண்டு சீசன்கள்: சிமுலேஷன் லீக்கில் யாருடையது பெரிது?

கணினியில் கால்பந்து லீக் நடத்துபவர்களுக்கு இந்தப் பெருமை என்றாவது ஒரு நாள் வந்தே தீரும். சீசன் முடிகிறது, கோல் பட்டியலைத் திறக்கிறோம், நம் ஸ்ட்ரைக்கரின் பெயருக்கு நேரே 44 என்று நிற்கிறது. 38 ஆட்டம், 44 கோல். உடனே ஒரு ஸ்கிரீன்ஷாட். அப்புறம்தான் சந்தேகம் தலைதூக்கும்: இது உண்மையிலேயே பெரிய சீசனா, இல்லை கேம் தாராளமாக அள்ளிக் கொடுத்ததா?

இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்திப் பார்ப்போம். ஒருவர் நம் கற்பனை ஸ்ட்ரைக்கர்: 44 கோல், 3 அசிஸ்ட் (அடுத்தவர் கோலடிக்கக் கொடுத்த பாஸ்). இன்னொருவர் நிஜ ஆள். 2024-25 பிரீமியர் லீக்கில் லிவர்பூலுக்கு ஆடிய முகமது சலா: 29 கோல், 18 அசிஸ்ட். கூட்டினால் இருவருக்கும் 47. அதே 47-ஐ 1993-94இல் ஆண்டி கோலும் (பெயரிலேயே கோல்!) மறு சீசனில் ஆலன் ஷியரரும் எட்டியிருக்கிறார்கள், இருவருமே 34 கோல், 13 அசிஸ்ட். ஆனால் அப்போது லீக்கில் 42 ஆட்டம். சலாவுக்குக் கிடைத்தது 38தான்.

சலாவின் கணக்கு நிஜம், நம் ஆளுடையது கணினிக்குள் நடந்தது. அதை விடுங்கள். உங்கள் லீக்கிலேயே இப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டின் சிறந்த வீரர் விருதை யாருக்குக் கொடுப்பீர்கள்? எந்த அளவுகோலைக் கையில் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறிக்கொண்டே போகும்.

மொத்தக் கோல் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த அளவுகோல். அதன்படி பார்த்தால் 44 ஜெயித்துவிட்டது, பேச்சு முடிந்தது. ஆனால் இந்த அளவுகோலின்படியே இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் எவர்டனின் டிக்ஸி டீன் 1927-28இல் 39 ஆட்டத்தில் அடித்த 60 கோலை யாரும் நெருங்கவில்லை. டீன் அசாத்தியமான ஆள்தான். ஆனால் 1925இல் ஆஃப்சைடு விதி மாறியிருந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதுவரை பந்தை வாங்குபவருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். அதன் பிறகு இரண்டு பேர் போதும். தடுப்பாட்டக்காரர்கள் புது விதிக்குப் பழகுவதற்குள் கோல்கள் மளமளவென்று விழுந்தன.

சிமுலேஷனில் இதே வேலையைச் செய்வது மேட்ச் என்ஜினுக்கு, அதாவது ஆட்டத்தைக் கணக்கிட்டு நடத்தும் நிரலுக்கு, வரும் அப்டேட். ஒரு பதிப்பில் கிராஸ் போட்டாலே கோல், அடுத்ததில் கோல்கீப்பர் எல்லாவற்றையும் பிடிக்கிறார். பழைய பதிப்பில் 44 அடித்தவரையும் புதியதில் 31 அடித்தவரையும் ஒரே பட்டியலில் வைப்பது, 1924இல் ஆடியவரையும் 1928இல் ஆடியவரையும் ஒரே தராசில் நிறுத்துவது போலத்தான்.

விதி மாறாமலேயே கூட லீக்கின் கோல் வரத்து ஏறி இறங்கும். 2022-23 பிரீமியர் லீக்கில் மொத்தம் 1,084 கோல், அதில் மான்செஸ்டர் சிட்டியின் எர்லிங் ஹாலண்டுக்கு 36. அடுத்த சீசனில் மொத்தம் 1,246 ஆக எகிறியது, ஆனால் ஹாலண்டுக்கு 27தான். இரண்டு முறையும் அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி அவருக்கே. முதல் சீசனில் லீக்கின் ஒவ்வொரு 100 கோலிலும் 3.3 அவருடையது, இரண்டாவதில் 2.2. வெறுமனே 36, 27 என்று பார்ப்பதைவிட இந்தக் கணக்கில் இடைவெளி இன்னும் பெரிதாகத் தெரிகிறது. உங்கள் லீக்கிலும் இதைப் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

அடுத்தது 90 நிமிடத்துக்கு எத்தனை கோல் என்ற கணக்கு. இது காயத்தில் படுத்தவர்களுக்கு நியாயம் செய்யும். ஜெர்மனியின் 2020-21 பண்டெஸ்லிகா லீக்கில் ராபர்ட் லெவண்டோவ்ஸ்கி ஆடியது 29 ஆட்டம், அடித்தது 41. கெர்ட் முல்லரின் 1971-72 சாதனையான 40-ஐ, கடைசி ஆட்டத்தின் 90ஆவது நிமிடத்தில் தாண்டினார். முல்லர் 34 ஆட்டமும் ஆடி எடுத்த 40 அது. மொத்தக் கணக்கில் ஒரு கோல்தான் வித்தியாசம். ஆட்டத்துக்கு எத்தனை என்று பார்த்தால் 1.41க்கும் 1.18க்கும் நடுவில் நல்ல தூரம்.

ஆனால் இந்த அளவுகோலைச் சிமுலேஷனில் ஏமாற்றுவது எளிது. 200 நிமிடம் மட்டும் ஆடி 4 கோல் அடித்த மாற்று வீரர் இந்தப் பட்டியலில் லெவண்டோவ்ஸ்கிக்கு மேலே போய் உட்கார்ந்துவிடுவார். குறைந்தது 1,800 நிமிடம், அதாவது 20 முழு ஆட்டம், என்று ஒரு வரம்பு வைத்தால்தான் பட்டியல் உருப்படும். பெனால்டிகளையும் கழித்துவிடுங்கள். சலாவின் 29இல் 9 பெனால்டி. ஹாலண்டின் 36இல் 7. ஒரு பெனால்டி கோலாகும் வாய்ப்பு முக்கால் பங்குக்கும் கொஞ்சம் மேல். நம் கேமில் அதை யார் அடிப்பது என்று ஒரு கிளிக்கில் முடிவு செய்வது நாம்தான். நாமே கையில் எடுத்துக் கொடுத்த கோலை வைத்து நம் ஆளைப் புகழ்வது கொஞ்சம் கூச்சமான விஷயம்.

சராசரி ரேட்டிங்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. என்ஜின் நடத்திய ஆட்டத்துக்கு அதே என்ஜின் போடும் மார்க் அது. கோல் அடித்தால் மார்க் ஏறும், சத்தமில்லாமல் பந்தைப் பறிக்கும் மிட்ஃபீல்டருக்கு ஏறாது. போதாததற்கு, ஃபுட்பால் மேனேஜர் போன்ற கேம்களில் எல்லா லீக்குகளும் முழு விவரத்தோடு நடத்தப்படுவதில்லை. சிலவற்றைப் பின்னணியில் சுருக்கமாகக் கணக்கிட்டுவிடுவார்கள். அந்த லீக்கின் 7.6-ஐயும் உங்கள் லீக்கின் 7.6-ஐயும் ஒப்பிடவே கூடாது.

எக்ஸ்ஜி, அதாவது எதிர்பார்க்கப்படும் கோல் கணக்கு, ஃபுட்பால் மேனேஜரில் 2021 பதிப்பில்தான் வந்தது. கிடைத்த வாய்ப்புகளின் தரத்தைக் கூட்டி, இத்தனை கோல் வந்திருக்க வேண்டும் என்று சொல்லும். 35 எதிர்பார்த்த இடத்தில் 44 வந்தால் 9 கோல் உபரி. நிஜக் கால்பந்தில் அந்த உபரி சுவாரசியமான புதிர்: திறமையா, அதிர்ஷ்டமா? சிமுலேஷனில் பாதி விடை திரையிலேயே இருக்கிறது. வீரரின் ஃபினிஷிங் 20க்கு 19 என்று போட்டிருந்தால் உபரி வருவதில் என்ன ஆச்சரியம்? 11 என்றிருந்தும் 9 உபரி என்றால், அடுத்த சீசனில் நம்பி ஆடாதீர்கள்.

திறமைகூட அங்கே ஒரு எண்தான், யாரோ ஒருவர் டேட்டாபேஸில் தட்டிய எண். சாம்பியன்ஷிப் மேனேஜர் 01/02 என்ற பழைய கேமை ஆடியவர்களிடம் மக்சிம் சிகால்கோ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். டினாமோ மின்ஸ்க்கின் அந்த பெலாரஸ் இளைஞர் கேமில் கோல் மழை பொழிந்தார். நிஜத்தில் காயங்களால் 26 வயதிலேயே ஓய்வு பெற்று, 2020இல் 37 வயதில் காலமானார். அதே கேமில் டோ மடேரா என்ற போர்ச்சுகல் ஸ்ட்ரைக்கரும் கலக்கினார். அவர் அப்படி ஒரு வீரராக நிஜத்தில் இருந்ததே இல்லை!

சரி, எனக்குப் பிடித்த அளவுகோலுக்கு வருகிறேன்: பின்னால் வருபவரிடமிருந்து எவ்வளவு தூரம்? என்ஜின் தாராளமா கஞ்சமா என்ற சண்டையே இதில் இல்லை, ஏனென்றால் இரண்டாம் இடத்தில் இருப்பவரும் அதே என்ஜினில்தான் ஆடுகிறார். லெவண்டோவ்ஸ்கியின் 41க்கு அடுத்து ஆந்த்ரே சில்வா 28. ஹாலண்டின் 36க்கு அடுத்து ஹாரி கேன் 30. உங்கள் ஆள் 44, அடுத்தவர் 39 என்றால் ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிடலாம்.

ஆனால் இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஸ்பெயினின் 2011-12 லா லிகா லீக்கில் லியோனல் மெஸ்ஸி 37 ஆட்டத்தில் 50 கோல். இரண்டாவதாக கிறிஸ்டியானோ ரொனால்டோ 46. இடைவெளி வெறும் 4. அப்படியானால் அது சாதாரண சீசனா? இரண்டு அசுரர்கள் ஒரே காலத்தில் ஆடியது யாருடைய குற்றமும் இல்லையே. மூன்றாவது யார் என்று பாருங்கள்: ஃபால்காவ், 24. இப்போது தூரம் 26. லெவண்டோவ்ஸ்கிக்கும் மூன்றாம் இடத்துக்கும் 14 (அந்த மூன்றாமவர், அப்போது ஜெர்மனியில் ஆடி 27 கோல் அடித்த ஹாலண்ட்), 2022-23 ஹாலண்டுக்கும் ஐவன் டோனிக்கும் 16. எனவே நான் இரண்டாம் இடத்தை விட்டுவிட்டு மூன்றாம் இடத்திலிருந்துதான் அளக்கிறேன். ஒரே ஒரு போட்டியாளர் கணக்கைக் குழப்புவது அதோடு நின்றுவிடுகிறது.

சிமுலேஷனுக்கு மட்டும் இன்னொரு சோதனை தேவை. மற்ற அணிகளை நடத்துவது கணினி, நம் அணியை நடத்துவது நாம். எங்கே ஓட்டை என்று தெரிந்து டாக்டிக், அதாவது ஆட்டத் திட்டம், போடுகிறோம். ஆகவே உங்கள் ஸ்ட்ரைக்கர் காயத்தில் இருந்தபோது அந்த இடத்தில் ஆடிய பையன் எவ்வளவு அடித்தான் என்று பாருங்கள். 8 ஆட்டத்தில் 9 கோல் என்றால், மன்னிக்கவும், 44க்கான பாராட்டில் பெரும்பங்கு டாக்டிக்குக்குத்தான் போகும். 8 ஆட்டத்தில் 2 என்றால் உங்கள் ஆள் நிஜமாகவே வேறு ரகம். தோற்ற ஆட்டங்களைப் சேமித்து வைத்த பழைய சேவ் ஃபைலிலிருந்து திரும்ப ஆடியிருந்தால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், மனசாட்சியே போதும்.

இந்தச் சோதனையை வைத்துத்தான் என் வாக்கை சலா ரகத்துக்குப் போடுகிறேன். பந்தையெல்லாம் ஒரே ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது டாக்டிக் வேலை. நல்ல திட்டம் ஒன்று போதும், 44 வந்துவிடும். கோல் பட்டியல், அசிஸ்ட் பட்டியல் இரண்டிலும் ஒரே ஆள் முதலிடத்தில் நிற்பது (சலா அந்த சீசனில் நின்றார்) திட்டத்தால் மட்டும் நடக்காது, ஏனென்றால் இரண்டுக்கும் மைதானத்தில் வேறுவேறு இடத்தில் இருக்க வேண்டும். எதிர்க்கட்சி வாதமும் எனக்குத் தெரியும். அசிஸ்ட் என்பது அடுத்தவர் அடித்தால்தான் அசிஸ்ட். பத்து அருமையான பாஸ் கொடுத்து, பத்தையும் கூட்டாளி வெளியே அடித்தால் பட்டியலில் பூஜ்ஜியம். உண்மைதான். அதற்காகத்தான் அசிஸ்டோடு சேர்த்து, உருவாக்கிய வாய்ப்புகளின் எண்ணிக்கையையும் பார்க்கச் சொல்வேன்.

இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றால், நிஜ லீக் எதற்கும் கிடைக்காத ஒரு வசதி நம்மிடம் இருக்கிறது: சீசனை மறுபடியும் ஓட்டிப் பார்க்கலாம். ஆட்டத்துக்குச் சராசரியாக 0.8 கோல் அடிக்கும் தரமுள்ள ஒருவர் 38 ஆட்டத்தில் சுமார் 30 எடுப்பார். ஆனால் வெறும் அதிர்ஷ்டத்தாலேயே அது 5, 6 கோல் மேலும் கீழும் ஆடும். மூன்றில் இரண்டு தடவை 25க்கும் 36க்கும் நடுவில் எங்கேயாவது விழும். அதாவது ஒரு சீசனில் 36, மறு சீசனில் 27 என்று வந்தாலே ஆள் தேய்ந்துவிட்டார் என்று சொல்லிவிட முடியாது. 44 வேறு கதை. அந்தத் தரத்துக்கு அது நூறு சீசனில் ஒரு தடவை வந்தால் பெரிது.

அதனால் அடுத்த சீசன் தொடங்கும் முன்பு சேவ் ஃபைலை ஒரு நகல் எடுத்து வையுங்கள். அதே அணி, அதே டாக்டிக், விடுமுறை மோடில் (நாம் தலையிடாமல் கணினியே ஆட்டங்களை நடத்தும்) பத்துத் தடவை ஓட விடுங்கள். பத்தில் ஆறு ஏழு தடவை உங்கள் ஆள் 40-ஐத் தாண்டினால் என் வாக்கை மாற்றிக்கொள்கிறேன்.