பூட்டுப் போடாமல் விற்கும் கடை: ஜிஓஜி விளையாட்டு அங்காடி

கணினி விளையாட்டுகளை விற்கும் பெரிய இணைய அங்காடிகளுள், டிஆர்எம் எனப்படும் உரிமப் பூட்டு இல்லாமல் விற்பதையே கொள்கையாகக் கொண்டது ஜிஓஜி. பணம் செலுத்தியவருக்கு நிறுவல் கோப்பே கிடைத்துவிடுவதால், அதை வன்தட்டில் சேமித்து, இணையமே இல்லாத கணினியிலும் நிறுவி விளையாடலாம்.

திருட்டுப் பிரதிக்கு இதைவிட எளிய வழி ஏது என்று கேட்கத் தோன்றும். ஆனால், 2008-இல் இந்தக் கடையைத் திறந்த போலந்தின் சிடி ப்ராஜெக்ட் நிறுவனம், திருட்டுக் குறுந்தகடுகள் சந்தையில் வெளிப்படையாக விற்கப்பட்ட வார்சாவில் 1994-இல் தொழில் தொடங்கி வளர்ந்தது. 1999-இல் அது வெளியிட்ட பால்டர்ஸ் கேட் ஆட்டத்தின் போலிஷ் பதிப்பு, போலிஷ் நடிகர்களின் குரலோடும் வரைபடம் முதலிய கூடுதல் பொருள்களோடும் வந்தது. ஐந்து குறுந்தகடுகள் கொண்ட ஆட்டம் என்பதால் திருட்டுப் பிரதியும் அவ்வளவு மலிவாக இல்லை. வாங்குபவர்கள் அசல் பெட்டியைத் தேடி வந்தார்கள்.

பூட்டு வாங்கியவருக்கே தொல்லை என்பதற்கு, இந்நிறுவனமே உருவாக்கி 2011-இல் வெளியிட்ட தி விட்சர் 2 ஆட்டம் இன்னும் தெளிவான சான்று. ஜிஓஜியில் பூட்டின்றி விற்கப்பட்ட அதே ஆட்டம், கடைகளில் பூட்டுடன் விற்கப்பட்டது. சில நாள்களிலேயே அந்தப் பூட்டைத் திருத்தம் ஒன்றின் மூலம் நீக்கியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களின் கணினிகளில் ஆட்டம் முன்பைவிடச் சீராக ஓடியது. குறைந்தது 45 லட்சம் திருட்டுப் பிரதிகள் இறங்கியிருக்கும் என்று நிறுவனர்களுள் ஒருவரான மார்சின் இவின்ஸ்கி தோராயமாகக் கணக்கிட்டார். அவ்வளவும் விற்பனை இழப்பு என்று கொள்ள முடியாது. இலவசமாகக் கிடைத்ததாலேயே எடுத்தவர்கள் அவர்களுள் பலர். இந்நிறுவனமும் தடுமாறாமல் இல்லை: ஜெர்மனியில் சந்தேகத்துக்குரியவர்களுக்கு வக்கீல் கடிதம் அனுப்பிப் பணம் கேட்டது, வாடிக்கையாளர்களின் எதிர்ப்புக்குப் பிறகு, 2012 ஜனவரியில் அந்த வழக்கத்தைக் கைவிட்டது.

கடையின் குறைகளும் இந்தக் கொள்கையை ஒட்டியே வருகின்றன. டெனுவோ போன்ற பூட்டுகளை நம்பும் பெரிய வெளியீட்டாளர்களின் புதிய ஆட்டங்கள் இங்கே தாமதமாக வருகின்றன, அல்லது வருவதே இல்லை. சிறு நிறுவனங்கள் சில, மற்றொரு பெரிய இணைய அங்காடியான ஸ்டீமில் உடனே தரும் திருத்தங்களை இங்கே தாமதித்துத் தருகின்றன, இது எரிச்சலூட்டுகிறது. 2021-இல், இணைய இணைப்பு இல்லாவிட்டால் பல அம்சங்கள் திறக்காத ஹிட்மேன் ஆட்டத்தை விற்பனைக்கு வைத்து, வாங்கியவர்கள் கொதித்தெழுந்த பிறகே விலக்கிக்கொண்டார்கள்.

மறுபுறம், வாங்கி 30 நாள்களுக்குள், விளையாடிப் பார்த்த பிறகும், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கோப்பைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு பணத்தையும் கேட்க முடியும் என்று தெரிந்தே இதை அனுமதிக்கிறார்கள். 2024 நவம்பரில் தொடங்கிய பாதுகாப்புத் திட்டத்தின்கீழ், பழைய ஆட்டங்கள் இன்றைய கணினிகளிலும் ஓடும்படி பராமரிக்கப்படுகின்றன. வேறெங்கும் விற்பனையில் இல்லாததால் திருட்டுப் பிரதியைத் தவிர வழியற்றிருந்த ஆட்டங்கள் பல இங்கே முறையாகக் கிடைக்கின்றன. பழைய ஆட்டங்களுக்கும், தனியாக ஆடும் நீண்ட கதையாட்டங்களுக்கும் நான் முதலில் பார்ப்பது இந்தக் கடையைத்தான். இணையத்தில் பலரோடு மோதும் ஆட்டங்களுக்கு ஸ்டீமே பொருத்தம்.