பொருட்காட்சிப் பேய் வீடு: நீலி வேடம் கட்டியவனின் மதிப்பீடு

ஆனித் திருவிழாவை ஒட்டித் திருநெல்வேலியில் போட்டிருக்கும் பொருட்காட்சிக்குப் பேத்தியோடு போயிருந்தேன். ராட்டினம், டில்லி அப்பளம், மரணக் கிணறு எல்லாம் எப்போதும்போல இருந்தன. அவள் எதையும் பார்க்கவிடாமல் நேராக இழுத்துக்கொண்டு போனது பேய் வீட்டுக்கு. வாசலில் பத்தடி உயரத்துக்கு நாக்கைத் தொங்கவிட்ட ஒரு தலை. அதன் வாய்க்குள் நுழைந்துதான் உள்ளே போக வேண்டும். டிக்கெட் 60 ரூபாய், ஐந்து வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஒரே கட்டணம். வரிசையில் 25 நிமிடம் நின்றோம். உள்ளே இருந்தது நான்கு நிமிடம்கூட இராது.

பேய் வீட்டைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு. 1974 முதல் 1998 வரை நாங்குநேரி, களக்காடு, வள்ளியூர்ச் சுற்றுவட்டாரக் கோயில் கொடைகளில், அதாவது கோயில் திருவிழாக்களில், நாடகம் போட்ட ஒரு குழுவில் நான் நீலி என்ற பேய்ப்பெண்ணின் வேடம் கட்டினேன். மற்ற வேடங்களும் கட்டியிருக்கிறேன். ஆனால் ஊர்களில் என்னை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ‘நீலி வந்துவிட்டார்’ என்றுதான் சொல்வார்கள். இருபத்துநான்கு வருடம் பயமுறுத்தியே சோறு தின்றவன் நான். அந்தத் தொழில் இன்று எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆசையோடுதான் டிக்கெட் வாங்கினேன்.

உள்ளே ப்ளைவுட் தட்டிகளை வைத்து வளைந்து வளைந்து போகும் சந்து. இரண்டு ஆள் சேர்ந்து நடக்க முடியாது. நான்காவது அடி வைத்ததும் காதருகே காற்றுக் குழாய் ‘புஸ்’ என்று சீறியது. அடுத்த திருப்பத்தில் சவப்பெட்டியின் மூடி திறந்து ஒரு எலும்புக்கூடு எழுந்தது. அதற்கடுத்து சிவப்பு விளக்கு, தொங்கும் கை, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகமூடி. எண்ணிக்கொண்டே போனேன். மொத்தம் பதினோரு இடம். அதில் பத்து இடத்தில் ஒரே வித்தை: இருட்டு, ஒரு நொடி அமைதி, அதன்பின் காதைக் கிழிக்கும் அலறல். மூன்றாவது அலறலுக்குப் பேத்தி, “தாத்தா, இது போன மாதம் பார்த்தோமே, அந்தப் படத்தில் வருகிற சத்தம்” என்றாள். ஆறாவதுக்கு மேல் அவளே, “இப்போது வரும் பாருங்கள்” என்று முன்கூட்டியே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை.

அவள் சொன்னது சரிதான். இந்த வீட்டைக் கட்டியவர்கள் இன்றைய பேய்ப்படங்களைப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள். அதனால் இதன் குறையும் அவற்றின் குறையும் ஒன்றே. ஓய்வு பெற்ற பிறகு, வருகிற பேய்ப்படம் எதையும் நான் விடுவதில்லை. தியேட்டரில் பார்க்க முடியாததைப் பேரன் போனில் போட்டுக் காட்டுவான். கதவு திறக்கும், ஆள் இல்லை, பூனை ஓடும், மூச்சு விடுவோம், உடனே முகம் வந்து விழும், கூடவே இடி போல ஒரு சத்தம். உடம்பு துள்ளத்தான் செய்கிறது. மறுக்கவில்லை. ஆனால் பஸ் டயர் வெடித்தாலும் நம் உடம்பு துள்ளத்தான் செய்யும். வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்துப் படுத்த பிறகு அந்தச் சத்தம் கூடவே வருவதில்லை. பயம் என்றால் அது வீடு வரை வர வேண்டும். நடுச்சாமத்தில் கொல்லைக் கதவைத் திறக்கக் கை தயங்க வேண்டும்.

நாங்கள் அதை எப்படிச் செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வெறும் குறை சொல்லும் கிழவன் என்று ஆகிவிடும். நீலி கதை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளையே முப்பந்தலில் இசக்கியம்மனாகக் கும்பிடுகிறவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். தன்னைக் கொன்றவன் மறுபிறப்பில் செட்டியாகப் பிறந்து காட்டு வழியே வருகிறான். நீலி கள்ளிக் கொப்பு ஒன்றை ஒடித்து இடுப்பில் வைக்கிறாள், அது குழந்தையாகிறது. ‘இவர் என் புருஷன்’ என்று ஊராரிடம் போய் நிற்கிறாள். இவ்வளவு தெரிந்த கதையில் யாருக்கு என்ன பயம் வரும் என்று தோன்றும். வரும்.

அந்தக் கள்ளிக் கொப்புக் கட்டத்துக்கு முன்னால் ட்யூப்லைட்டை எல்லாம் அணைத்துவிடுவோம். மேடையில் ஒரே ஒரு பெட்ரோமாக்ஸ். ஆர்மோனியக்காரர் கையை எடுத்துவிடுவார், மிருதங்கமும் நின்றுவிடும். நான் கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருப்பேன். முத்துவெள்ளை பூசிய கழுத்தும், இடுப்புக்குக் கீழே விழும் சவுரியும் மட்டும் தெரியும். குழந்தையைத் தட்டித் தூங்க வைப்பதுபோல ஒரு கை மெல்ல அசையும். வேறு ஒன்றும் கிடையாது. பெட்ரோமாக்ஸின் ‘உஸ்’ என்ற இரைச்சல் மட்டும் கேட்கும். நாடக வாத்தியார் எனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு, நூறு வரை எண்ண வேண்டும் என்பது. முப்பதில் கூட்டத்தில் பேச்சு அடங்கும். அறுபதில் பிள்ளைகள் தாயின் மடிக்குள் போகும். எண்பதில் யாராவது ஒரு பாட்டி, “திரும்பிவிடாதே அம்மா” என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவாள். நூறில் திரும்புவேன். முகத்தில் கோரைப்பல்லோ ரத்தமோ இருக்காது, சாதாரணமான ஒரு பெண்ணின் முகம், லேசான சிரிப்பு. மடியிலிருக்கும் துணியை விலக்கினால் உள்ளே முள்ளோடு கள்ளிக் கொப்பு. ஏர்வாடிப் பக்கம் ஓர் ஊரில் அந்த இடத்தில் முன்வரிசையே எழுந்து பின்னால் போய்விட்டது.

இது எங்கள் கண்டுபிடிப்பும் இல்லை. சுடலைமாடன் கொடை பார்த்தவர்களுக்குத் தெரியும். சாமக்கொடையில் மகுடம் என்ற பறை உச்சத்தில் அடித்துக்கொண்டே இருக்கும், பாட்டை நடத்தும் அண்ணாவி பாடிக்கொண்டே இருப்பார். சாமியாடி பந்தத்தைப் பிடித்துக்கொண்டு மயானத்துக்கு வேட்டைக்குப் போவார். ஊர் அங்கேயே நின்றுவிடும். அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது, பார்க்கக்கூடாது. பந்தத்தின் வெளிச்சம் சிறுத்துச் சிறுத்து மறையும். அவர் திரும்பி வரும்வரை இருட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த நேரம் இருக்கிறதே, அதற்கு ஈடாக எந்தப் படத்திலும் நான் ஒன்றும் பார்த்ததில்லை. மயானத்தில் என்ன நடந்தது என்று நமக்குக் காட்டியிருந்தால் அது அங்கேயே முடிந்துபோயிருக்கும்.

வெள்ளைக்காரர்களிலும் இதை அறிந்தவர்கள் இருந்தார்கள். கிறிஸ்டோபர் லீ என்ற நடிகர் 1958இல் முதன்முதலாக டிராகுலா வேடம் போட்டார். அதே வேடத்தில் 1966இல் மறுபடி வந்த ‘டிராகுலா: பிரின்ஸ் ஆஃப் டார்க்னெஸ்’ படத்தில் அவருக்கு வசனம் ஒன்றுகூடக் கிடையாது. சீறுவார், பார்ப்பார், நிற்பார், அவ்வளவுதான். நெடுநெடுவென்ற அந்த உருவம் படிக்கட்டில் சும்மா நிற்பதைப் பேரனின் போனில் பார்த்தபோது, வாத்தியாரிடம் காட்ட அவர் இல்லையே என்று இருந்தது.

நம்மவர்களுக்குத் தெரியாது என்றும் சொல்ல மாட்டேன். 2009இல் அறிவழகன் எடுத்த ‘ஈரம்’ படத்தில் பேய் வருவது தண்ணீர் வழியாக. குழாயில் சொட்டும் நீர், தரையில் பரவும் நீர். படம் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள், குளியலறைக் குழாயை இறுக்கி மூடியிருக்கிறேனா என்று எழுந்து பார்த்தேன். நான் சொன்ன ‘வீடு வரை வரும் பயம்’ அதுதான். அதற்குப் பிறகு பேய்ப்படம் என்றால் சிரிப்புப்படம் என்று ஒரு வழக்கம் வந்து நிலைத்துவிட்டது. சிரிக்க வைப்பதும் கலைதான். ஆனாலும் அநியாயமாகச் செத்த ஒரு பெண்தான் அந்தக் கதைகளில் பெரும்பாலும் பேயாக வருகிறாள். அவளை இடைவேளை வரை சிரிப்புக்கு வைத்துவிட்டுக் கடைசி அரை மணி நேரத்தில் அவளுக்காக அழச் சொன்னால் எனக்கு மனம் ஒப்புவதில்லை. நீலிக்கு நியாயம் இருந்தது. அந்த நியாயம் தெரிந்ததால்தான் ஜனம் அவளுக்குப் பயந்தது, பின்பு கோயில் கட்டிக் கும்பிட்டது.

மறுபடி பேய் வீட்டுக்கு வருகிறேன். ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் இருக்கிறது. ஏழாவது திருப்பத்தில் முகமூடி போட்ட ஒருவர் தட்டிக்குப் பின்னாலிருந்து கையை நீட்டிப் பேத்தியின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். பிள்ளை வீறிட்டாள். பயமுறுத்துகிறவன் ஆளைத் தொடக்கூடாது, அது எங்கள் மேடையில் முதல் பாடம். தூத்துக்குடி திருநெல்வேலி மாவட்டத்தோடு இருந்த காலத்தில் அந்தப் பக்கம் பிறந்தவர் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). எமனாகவும் சனீஸ்வரனாகவும் அவர் கட்டிய வேடத்தைக் கண்டு பெண்களுக்கு நேர்ந்த விபரீதங்களால்தான் மனம் நொந்து வேடம் கட்டுவதையே விட்டார் என்று நாடகக்காரர்கள் வழிவழியாகச் சொல்வார்கள். அத்தனை பெரிய கலைஞரே எதிரில் இருப்பவரின் உயிரை எண்ணித் தன் தொழிலை விட்டார் என்ற அந்தக் கதையைச் சொல்லித்தான் வாத்தியார் எங்களுக்கு முதல் வேடத்தைக் கொடுத்தார்.

இன்னொன்று, வழியில் எங்கேயும் வெளியேறும் கதவு இல்லை. பயந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வர, மீதி மூன்று அலறலையும் கடந்துதான் வர வேண்டியிருந்தது. தரையில் ஒயர்கள் கிடக்கின்றன, தட்டிகள் எல்லாம் மரம். டிக்கெட் கொடுப்பவரிடம் இரண்டையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “பாதியில் ஒரு தட்டியைத் திறக்கிற மாதிரி வைத்துவிடுகிறோம் ஐயா” என்றார். சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் உள்ளே நுழையும் முன் அந்தத் தட்டி எங்கே என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த அறுபது ரூபாயில் எனக்குக் கிடைத்த நல்ல பங்கு கடைசி மூலையில் இருந்தது. அங்கே வெள்ளைச் சேலை கட்டிய ஒரு உருவம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. நாங்கள் நெருங்கினோம், எழவில்லை. கடந்தோம், அப்போதும் அசையவில்லை. பதினோரு இடத்தில் கத்தாமல் இருந்தது அது ஒன்றுதான். பேத்தி பொம்மை என்று நினைத்து, வெளிவாசலுக்குப் போகும்முன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அதன் தலை எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. அவ்வளவுதான். அவள் என் வேட்டியைப் பிடித்த பிடியில் நுனி கிழிந்துவிட்டது. எனக்கும் முதுகுத்தண்டில் ஜில்லென்றது. உண்மையாகச் சொல்கிறேன்.

யார் அது என்று விசாரித்தேன். வெளியே தேநீர் குடிக்க வந்த ஒரு பையன், பத்தொன்பது இருபது வயது இருக்கும், சேலையைத் தோளில் சுருட்டிப் போட்டிருந்தான். மாலை நான்கிலிருந்து இரவு பத்து வரை அந்த நாற்காலிதான் அவனுக்கு வேலை. “மற்றவர்கள் மாதிரி கத்தினால் தொண்டை கட்டிவிடுகிறது தாத்தா, அதனால் சும்மா உட்கார்ந்துவிட்டேன்” என்றான். தற்செயலாகத்தான் கண்டுபிடித்திருக்கிறான், ஆனால் சரியானதைக் கண்டுபிடித்திருக்கிறான். நான் யார் என்று சொன்னேன். தேநீர் ஆறும்வரை கேட்டான்.

“தம்பி, நாற்காலியைத் திருப்பிப் போடு. முதுகைக் காட்டி உட்கார். மடியில் ஒரு துணி மூட்டை வைத்துக்கொள். கையை மட்டும் தட்டிக்கொடுப்பதுபோல அசை. வருகிறவர்கள் தாண்டிப் போகும்வரை திரும்பாதே.”

“எப்போது திரும்ப?”

“மனதுக்குள் எண்ணு. அவர்கள் உன்னைத் தாண்டி நான்கு அடி வைத்ததும்.”

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனோம். பேத்தி வர மாட்டாள் என்று நினைத்தேன், அவள்தான் முதலில் செருப்பை மாட்டினாள். வழியில் ஒரு தட்டிக்குப் பச்சை வண்ணம் அடித்துக் கொக்கி போட்டிருந்தார்கள். மணிக்கட்டைப் பிடித்தவர் இந்த முறை கையை நீட்டவில்லை. அலறல்கள் அப்படியே இருந்தன, அவற்றை அவள் சட்டையே செய்யவில்லை. கடைசி மூலையில் நாற்காலி திரும்பியிருந்தது. வெள்ளைச் சேலையின் முதுகு, மடியில் எதையோ மெல்லத் தட்டிக்கொண்டிருக்கும் ஒரு கை. எங்களுக்கு முன்னால் போன நான்கு கல்லூரிப் பையன்கள் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சுவரோரமாக நடந்தார்கள். பேத்தி என் காதில், “தாத்தா, அது திரும்புவதற்குள் போய்விடலாம்” என்றாள்.

கூட்டம் வேண்டாம் என்றால் மாலை ஐந்து மணிக்கு முன்னால் போங்கள். சத்தம் பிடிக்காதவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம். கடைசி மூலையில் மட்டும் அதை எடுத்துவிடுங்கள்.