பவர் கண்டிஷனர் வாங்கப் போகிறீர்களா? முதலில் வீட்டு எர்த்தைப் பாருங்கள்

ராயபுரத்தில் எங்களுடையது தாத்தா காலத்து வீடு. அப்பா சேர்த்து வைத்த இசைத்தட்டுகளைக் கேட்பதற்காகவே போன வருடம் நல்ல ஆம்ப்பும் (ஆம்ப்ளிஃபயர்) இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளும் வாங்கினேன். பாட்டு நின்றதும் ஸ்பீக்கரில் 'ங்ங்ங்' என்று ஓர் இரைச்சல். ராத்திரி வீடு அடங்கிய பிறகு அது மட்டும்தான் கேட்கும்.

ஆம்ப் வாங்கிய கடைக்காரரிடமே சொன்னேன். "உங்க ஏரியா கரன்ட் அழுக்குண்ணே. கண்டிஷனர் போட்டா சுத்தமாயிடும். எவ்வளவு ஏறி இறங்கினாலும் 230 தான் வெளியே வரும்" என்றார். கரன்ட்டைச் சுத்தப்படுத்தி ஆம்ப்புக்குக் கொடுப்பதாகச் சொல்லி விற்கும் பெட்டிதான் இந்தப் பவர் கண்டிஷனர். 28,000 ரூபாய். பில் கேட்டதற்கு 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த சீட்டில் எழுதிக் கொடுத்தார். நம்பி வாங்கி வந்தேன்.

இரைச்சல் குறையவில்லை, கொஞ்சம் கூடியதுபோல்தான் இருந்தது. நான்காம் நாள் அம்மா ஈரத்துணியால் ஆம்ப்பைத் துடைக்கப்போய் "ஐயோ, சுருக்குன்னு இழுக்குதுடா" என்று கையை உதறினார். எனக்குக் குலை நடுங்கிவிட்டது.

தெருவில் வயரிங் வேலை செய்யும் அண்ணனைக் கூப்பிட்டேன். மல்டிமீட்டரின் ஒரு முனையை நியூட்ரலிலும் இன்னொன்றை ஆம்ப்பின் இரும்பு உடம்பிலும் வைத்தார். 102 வோல்ட். ப்ளக் பாயின்ட்டைக் கழற்றினால் எர்த் ஓட்டையில் பச்சை வயர் இருக்கிறது. ஆனால் மீட்டர் போர்டுக்குக் கீழே, எர்த் பைப்பில் கட்டியிருந்த கம்பி உப்புக்காற்றில் அரித்து அறுந்து கிடந்தது. எத்தனை வருடமாக அப்படியிருக்கிறதோ!

அவர் விளக்கியது இதுதான். கண்டிஷனர் மாதிரிப் பெட்டிக்குள் ஃபில்டர் கப்பாசிட்டர்கள் (கரன்ட்டில் கலந்த இரைச்சலை வடிகட்டும் சிறு பாகங்கள்) லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்கு இணைந்திருக்கும். எர்த் சரியாக இருந்தால் கசியும் துளிக் கரன்ட் மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் லைன் வோல்ட்டேஜில் ஏறக்குறைய பாதி, பெட்டியின் உடம்பிலும் அதில் செருகிய சாமான்களின் உடம்பிலும் ஏறி நிற்கும். இரைச்சலுக்கும் எர்த் இல்லாததே காரணம். தவிர, இந்த ஃபில்டர் மிக உயர்ந்த அலைவரிசைச் சத்தத்தைத்தான் தடுக்கும். என் ஸ்பீக்கரில் கேட்டதோ 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். அது கரன்ட்டே வரும் அலைவரிசை, அதை எப்படித் தடுக்கும்?

அப்புறம் ஒரு விஷயம் பார்த்தோம். பெட்டிக்குள் போகும் கரன்ட் 204 வோல்ட், வெளியே வருவதும் 204. முன்பக்க டிஸ்ப்ளேயில் மட்டும் 230 என்று பளிச்சென்று எரிகிறது! கழற்றிப் பார்த்தால் சின்ன ஃபில்டர் ஒன்று, திடீரென எகிறும் வோல்ட்டேஜைத் தடுக்க நீல வில்லை மாதிரி சர்ஜ் தடுப்பான் மூன்று, அடியில் கனத்துக்காகப் பசைபோட்டு ஒட்டிய இரும்புத் தகடு. ஸ்டெபிலைசர் வேலை செய்ய உள்ளே எதுவுமே இல்லை.

புதிதாகக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் பைப் இறக்கினோம். கூலியோடு 6,500 ரூபாய். கண்டிஷனரை எடுத்துவிட்டு ஆம்ப்பை நேராகச் சுவரில் செருகினேன். இரைச்சல் இல்லை, ஷாக்கும் இல்லை.

நல்ல கண்டிஷனர்களும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் எர்த் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்காமல் எனக்கு இதை விற்றதைத்தான் மன்னிக்க முடியவில்லை. துடைத்தது என் அம்மாவின் ஈரக்கை.

கடைக்காரர் பணம் திருப்பித் தர மறுத்துவிட்டார். ஜிஎஸ்டி பில் இல்லாவிட்டாலும் போனில் பணம் அனுப்பிய விவரமும் அந்தச் சீட்டும் இருக்கின்றன. இரண்டையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. பழைய வீட்டில் இருப்பவர்கள் இந்த வாரமே மீட்டர் போர்டுக்குக் கீழே ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.