ஓட்டை தேடிப் பழக கீட்ரா போதும், அசெம்பிளி சன்னலை மூடாதவரை

பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடி, மூல நிரல் இல்லாத மென்பொருளைப் பிரித்துப் படிக்கப் பழகுபவருக்கு முதல் தடையாக இருந்தது விலைதான். இயந்திரக் கட்டளைகளை சி போன்ற நிரலாக மாற்றிக் காட்டும் டீகம்பைலருடன் கூடிய ஐடா புரோ என்ற கட்டணக் கருவி மாணவர்களுக்கு எட்டாத இடத்தில் இருந்தது. 2019 மார்ச்சில் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையான என்.எஸ்.ஏ., தான் உள்ளுக்குள் பயன்படுத்திவந்த கீட்ரா என்ற இதே வகைக் கருவியை ஆர்.எஸ்.ஏ. மாநாட்டில் இலவசமாக வெளியிட்டது. அடுத்த மாதமே மூல நிரலும் அப்பாச்சி 2.0 உரிமத்தில் வந்துவிட்டது. எக்ஸ்86, ஆர்ம், மிப்ஸ், பவர்பிசி எனப் பல ப்ராசஸர் வகைகளுக்கும் ஒரே டீகம்பைலர், அதுவும் காசில்லாமல். இதற்கு இணையான இலவசக் கருவி வேறு இல்லை என்பதே எங்கள் கருத்து.

உளவு நிறுவனம் கொடுத்ததை நம்பலாமா என்று பலர் கேட்கிறார்கள். மூல நிரல் திறந்திருக்கிறது, விரும்பினால் நீங்களே கம்பைல் செய்துகொள்ளலாம். ஆனால் முதல் பதிப்பான 9.0இல் உண்மையான குறைகள் இருந்தன. பிழை தேட உதவும் டீபக் முறையில் ஓட்டினால் 18001ஆம் போர்ட் என்ற இணைப்பு வாயில் சொந்தக் கணினிக்கு மட்டும் அல்லாமல் வலையமைப்பு முழுவதற்கும் திறந்துகொண்டது. வெளியான சில நாட்களிலேயே ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள், பிறகு சரிசெய்யப்பட்டது. எனவே பழைய பதிப்பை வைத்திருக்காதீர்கள். முகம் தெரியாதவர் அனுப்பும் புராஜெக்ட் கோப்புகளையும் திறக்காதீர்கள்.

நிறுவ இன்ஸ்டாலர் கிடையாது. 11.2 பதிப்பு முதல், ஜாவா நிரலாக்கத் தொகுப்பான 64 பிட் ஜேடிகே 21 வேண்டும். ஜாவாவை ஓட்ட மட்டும் உதவும் ஜேஆர்இ போதாது. ஜிப்பை விரித்து கீட்ரா-ரன் ஸ்கிரிப்டை ஓட்டினால் வேலை முடிந்தது. ஜாவா வழக்கமாகக் கணினியின் ரேமில் கால் பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும். பெரிய கோப்பின் பகுப்பாய்வு நினைவகம் போதாமல் பாதியில் நின்றால், அதே ஸ்கிரிப்டில் மேக்ஸ்மெம் மதிப்பைக் கூட்டுங்கள்.

முதல் பயிற்சிக்கு வெளியே எதையும் தேட வேண்டாம். 64 பைட் பஃபரில், அதாவது தற்காலிக நினைவிடத்தில், நீளம் பாராமல் சரத்தை நகலெடுக்கும் ஸ்டிரிங்-காப்பி செய்யும் ஒரு ஃபங்ஷனை சி மொழியில் எழுதி, 64 பிட் லினக்ஸில் ஜிசிசி கொண்டு கம்பைல் செய்யுங்கள். ஆப்டிமைசேஷன் பூஜ்ஜியமாக இருக்கட்டும், பஃபர் நிரம்பி வழிவதைக் கண்டுபிடிக்கும் ஸ்டாக் புரொடெக்டரை அணைத்துவிடுங்கள், பிறகு ஃபங்ஷன் பெயர்களான சிம்பல்களை நீக்கிவிடுங்கள். கோப்பைப் புதிய புராஜெக்டில் இழுத்துப் போட்டு, பகுப்பாய்வு செய்யவா என்று கேட்கும்போது ஆம் சொல்லுங்கள்.

சிம்பல் நீங்கியதால், உங்கள் நிரல் தொடங்கும் ஃபங்ஷனான மெயினின் பெயர் எங்கும் தெரியாது. பலர் இங்கேயே திணறுகிறார்கள். என்ட்ரி ஃபங்ஷனுக்குப் போங்கள். அங்கே லிப்சி-ஸ்டார்ட்-மெயின் அழைக்கப்படும், அதற்குக் கொடுக்கப்படும் முதல் அளபுருதான் மெயின். எல் விசையை அழுத்திப் பெயர் வையுங்கள். இனி சிம்பல் ட்ரீயில், வெளி நூலக ஃபங்ஷன்கள் இருக்கும் இம்போர்ட்ஸைத் திறந்து, ஸ்டிரிங்-காப்பியை யார் யார் அழைக்கிறார்கள் என்று ரெஃபரன்ஸ் பட்டியல் எடுங்கள். ஒவ்வொரு அழைப்பிலும் இரண்டு கேள்விகள்: தரவு எங்கிருந்து வருகிறது, நீளம் எங்கே சரிபார்க்கப்படுகிறது?

உங்கள் பஃபரை கீட்ரா "லோக்கல்_48" என்று காட்டும். இந்த 48 வெறும் வரிசை எண் அல்ல. ஃபங்ஷன் முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்லும் ரிட்டர்ன் முகவரி இருக்கும் இடத்திலிருந்து பஃபரின் தொடக்கம் எவ்வளவு தொலைவு என்பதைப் பதினாறடிமானத்தில் சொல்கிறது, அதாவது 72 பைட். 64 பஃபருக்கு, 8 சேமித்த பேஸ் பாயிண்டருக்கு (அழைத்த ஃபங்ஷனின் ஸ்டாக் இடத்தைக் குறிக்கும் முகவரி). எத்தனை பைட்டுக்குப் பிறகு ரிட்டர்ன் முகவரி அழிபடும் என்பது மாறியின் பெயரிலேயே இருக்கிறது. புரொடெக்டரை அணைக்காமல் கம்பைல் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள்: தொடக்கத்தில் எஃப்.எஸ். செக்மென்டிலிருந்து ஒரு காவல் மதிப்பு படிக்கப்படும், முடிவில் ஸ்டாக்-செக்-ஃபெயில் அழைப்பு இருக்கும். உண்மையான மென்பொருளில் இந்த அடையாளம் இல்லாத ஃபங்ஷன்களை முதலில் பாருங்கள்.

டீகம்பைலர் தரும் சி வரிகள் கருவியின் ஊகம்தான். அதை மறந்தால் ஓட்டை கண்ணெதிரே இருந்தும் தப்பிவிடும். நீளம் 64ஐத் தாண்டக்கூடாது என்று ஒரு சோதனை, அடுத்து மெமரி-காப்பி. பார்த்தால் பத்திரமாகத் தெரியும். ஆனால் ப்ராசஸரின் நேரடிக் கட்டளைகளைக் காட்டும் அசெம்பிளியில் அந்தச் சோதனை ஜே-ஜி அல்லது ஜே-எல்-இ என்ற தாவல் கட்டளையாக இருந்தால் அது குறியுள்ள ஒப்பீடு, அதாவது மைனஸ் எண்களையும் கணக்கில் கொள்வது. மைனஸ் 1 அதைக் கடந்துவிடும், மெமரி-காப்பியோ அதையே மிகப் பெரிய எண்ணாக எடுத்துக்கொள்ளும். ஜே-ஏ, ஜே-பி-இ என்றால் குறியற்றது, அந்த வழி அடைபட்டது. சி சன்னலில் மாறியின் வகையை நீங்கள் மாற்றினாலும் கட்டளை மாறாது. அதனால் இரண்டு சன்னல்களும் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

இன்னொரு பொறி, ஒரு ஃபங்ஷன் அழைத்த இடத்துக்குத் திரும்பாது என்று கீட்ரா தவறாக முடிவு செய்வது. அப்போது அந்த அழைப்புக்குப் பின்னுள்ள நிரல் முழுவதும் சி சன்னலிலிருந்து காணாமல் போகும். ஃபங்ஷன் திடீரென முடிந்தால், அழைக்கப்பட்ட ஃபங்ஷனைத் திருத்தும் சன்னலில் நோ-ரிட்டர்ன் குறியை எடுத்துவிட்டு, கீழே விடுபட்ட பைட்டுகளின் மேல் நின்று டி விசையை அழுத்துங்கள். ஸ்விட்ச் கட்டளையின் கிளை முகவரிகள் அடங்கிய ஜம்ப் டேபிளை மீட்க முடியவில்லை என்ற எச்சரிக்கை வந்தாலும் அங்கே மறைந்திருக்கும் கிளைகளைத் தேடித்தான் ஆக வேண்டும். கட்டளைகளைப் பிரித்தாளும் பார்சர்களில்தான் ஓட்டைகள் அதிகம், அந்த ஸ்விட்ச் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ரவுட்டர், கேமரா போன்ற கருவிகளுக்குள் பதிந்த மென்பொருளான ஃபர்ம்வேரில் கீட்ரா உண்மையிலேயே பலன் தருகிறது, ஆனால் கை பிடித்து நடத்தாது. தன் விவரங்களைச் சொல்லும் ஹெட்டர் இல்லாத கோப்புக்கு ப்ராசஸரையும் தொடக்க முகவரியையும் நீங்களே சொல்ல வேண்டும். எஸ்டிஎம்32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் சில்லு என்றால் வழக்கமாக ஆர்ம் கார்டெக்ஸ், லிட்டில் எண்டியன் (எண்ணின் கடைசி பைட் முதலில்), முகவரி பதினாறடிமானத்தில் 08000000. முதல் நான்கு பைட்டுகள் ஸ்டாக் பாயிண்டர், அதன் மதிப்பு வழக்கமாக 20 என்று தொடங்கும். அடுத்த நான்கு, சில்லு இயங்கத் தொடங்கும் இடமான ரீசெட் ஹேண்ட்லர். ஆர்மின் சுருக்கமான கட்டளை வடிவமான தம்ப் முறை என்பதால் அதன் கடைசி பிட் 1. முகவரி தவறினால் நிரல் ஓரளவு சரியாகவே தெரியும், ஆனால் எந்தச் சரத்துக்கும் ரெஃபரன்ஸ் இருக்காது. அதுதான் அடையாளம், உடனே நிறுத்தி முகவரியைத் திருத்துங்கள்.

மெமரி மேப்பில் ஃபிளாஷ் பகுதியின் எழுதும் அனுமதியை எடுத்துவிடுங்கள். அப்போதுதான் டீகம்பைலர் அங்குள்ள மதிப்புகளை மாறாதவையாக எடுத்துக்கொள்ளும். 40000000இல் தொடங்கும் பெரிஃபெரல் பகுதியை (வெளிச் சாதனங்களைக் கட்டுப்படுத்தும் முகவரிகள்) சேர்த்து, மதிப்பு தானாகவே மாறக்கூடியது என்று பொருள்படும் வோலடைல் என்று குறியுங்கள். இல்லாவிட்டால் ஒரே ரிஜிஸ்டரில் அடுத்தடுத்து இரண்டு முறை எழுதும்போது முதலாவதைத் தேவையற்றது என்று மறைத்துவிடும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறோம். சி++ விர்ச்சுவல் ஃபங்ஷன்களை இணைப்பதில் கை வேலை அதிகம். 10.0இல் வந்த டீபக்கர் கனமானது, தொடக்கத்தில் ஜிடிபி என்ற டீபக்கரைத் தனியாக ஓட்டுவதே எளிது. தீநிரலை இம்போர்ட் செய்வதால் அது ஓடாது. டீபக்கரில் போட்டால் ஓடும், ஆகவே அதைத் தனி மெய்நிகர் கணினியில்தான் செய்ய வேண்டும். பைத்தான் 3 ஸ்கிரிப்டுகள் பெட்டியிலேயே வந்தது 11.3இல்தான்.

பயிற்சிப் பொருளும் ஜிப்புக்குள்ளேயே இருக்கிறது: டாக்ஸ் அடைவில் கீட்ரா-கிளாஸ், தொடக்கநிலை முதல் உயர்நிலை வரை, பயிற்சிக் கோப்புகளுடன். அதில் வெர்ஷன் டிராக்கிங் பாடத்தைத் தவறவிடாதீர்கள். ஒரே நிரலின் பழைய, புதிய பதிப்புகளை அருகருகே வைத்து மாறிய ஃபங்ஷன்களை மட்டும் பிரித்தெடுக்கப் பழகிவிட்டால், நீங்கள் பயன்படுத்தும் திறந்த மூல நூலகம் ஒன்றில் ஓட்டை அடைக்கப்பட்ட பதிப்பையும் அதற்கு முந்தையதையும் கம்பைல் செய்து இதே முறையில் பாருங்கள். விடை மூல நிரலில் இருப்பதால், உங்கள் கண்டுபிடிப்பு சரியா என்று அன்றே தெரிந்துவிடும்.