எல்லாம் நீலமாகத்தான் இருந்தது: பட்டறையில் ஆறு வருட எஃப்.ஈ.எம்

2019 கடைசியில் இருந்து எஃப்.ஈ.எம் (finite element method, ஒரு பொருளைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து, சுமை ஏற்றினால் அது எப்படி வளையும், எங்கே உடையும் என்று கணினியில் கணக்குப் போடுகிற முறை) பாவிக்கிறேன். பெரிய கம்பனி ஒன்றுமில்லை, யாழ்ப்பாணம் கொக்குவிலில் ஒரு வெல்டிங் பட்டறை. கேற், தண்ணீர்த் தாங்கி வைக்கிற ஸ்டாண்ட், லான்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) இழுக்கிற பெட்டி, இடைக்கிடை கோயில் வேலை, அவ்வளவுதான். படித்தது இயந்திரவியல் டிப்ளோமா. அங்கே இந்தப் பாடம் ஒரு தவணையில் பாதி வந்தது, அதுவும் கரும்பலகையில் தாயம் தாயமாக (மேட்ரிக்ஸ்) பெருக்கியே முடிந்துபோனது. சோதனையில் நல்ல புள்ளி வாங்கினேன், ஆனால் இரும்பு எங்கே வெடிக்கும் என்று கேட்டிருந்தால் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டேன். "உதைப் படிக்கலாமா, எங்களுக்கு உதவுமா" என்று அடிக்கடி பிள்ளைகள் கேட்கிறார்கள், அதனால்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முறை என்ன என்று கேட்டால் நான் வேலியைத்தான் காட்டுவேன். வளைந்து போகிற ஒழுங்கையில் கிடுகு வேலி அடைக்கிறீர்கள். கிடுகு வளையாது, கதியாலுக்குக் கதியால் நேராகத்தான் நிற்கும். ஆனாலும் எட்ட நின்று பார்த்தால் வேலி ஒழுங்கையோடு சேர்ந்து வளைந்து போகிறது. கதியாலை நெருக்கி நட்டால் இன்னும் அழகாக வளையும், கூலியும் கூடும். எஃப்.ஈ.எம்மில் கதியால் நிற்கிற புள்ளிக்கு நோட் என்று பெயர், இரண்டு கதியாலுக்கு இடையில் இருக்கிற கிடுகு எலிமென்ட், எல்லாம் சேர்ந்த முழு வேலி மெஷ். (எலிமென்ட்டை மூலகம் என்று எழுதினால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஐதரசனும் ஒட்சிசனும்தான் ஞாபகம் வரும், அதனால் எலிமென்ட் என்றே விடுகிறேன்.) சுமை ஏற்றியதும் ஒவ்வொரு நோட்டும் எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும்தான் கணினி தேடுகிறது, இடையில் உள்ளதை நேர்கோடு என்றோ சின்ன வளைவு என்றோ வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு எலிமென்ட்டும் ஒரு ஸ்பிரிங் மாதிரி, இவ்வளவு தள்ளினால் இவ்வளவு நகரும். எல்லா ஸ்பிரிங்கையும் கோர்த்தால் ஒரு பெரிய சமன்பாட்டுக் கட்டு. ஒரு நோட் மூன்று திசையில் நகரலாம், எனவே 50,000 நோட் என்றால் 150,000 சமன்பாடுகளை ஒரேயடியாகத் தீர்க்க வேண்டும். குரான்ட் என்ற கணிதவியலாளர் 1943இலேயே முக்கோணம் முக்கோணமாகப் பிரித்துச் செய்து காட்டியும் அது அப்போது பரவாமல் கிடந்ததற்கு இதுவும் ஒரு காரணம், தீர்க்க இயந்திரம் இல்லை. பிறகு 1956இல் டேர்னர், கிளஃப் முதலிய நால்வர் விமானச் செட்டைக்காக எழுதிய கட்டுரைதான் பொறியியலுக்குள் இதைக் கொண்டுவந்தது. பெயர் வைத்தது கிளஃப், 1960இல்.

நான் பாவிப்பது எல்லாம் இலவசம். வரைவதற்கு ஃப்ரீகேட், கணக்குத் தீர்க்க கல்குலிக்ஸ், இரண்டுக்கும் நடுவில் அநேகமாக ப்ரீபோமேக்ஸ். கல்குலிக்ஸ் ஜேர்மனியில் விமான எஞ்சின் செய்கிற இடத்தில் வேலை பார்த்த இருவர் எழுதியது, எங்கள் பட்டறைக் கேற்றுக்கு அது தாராளம். காசு கொடுத்து வாங்குகிற மென்பொருளின் வருடச் சந்தாவை ரூபாயில் மாற்றிப் பார்த்தேன், புது லான்ட்மாஸ்டர் ஒன்றே எடுக்கலாம் போலிருந்தது, அந்தக் கதையை அத்தோடு விட்டேன்.

முதல் மாதம் நான் பட்ட பாடு ஒரு சாதாரண இரும்புப் பட்டத்தில். ஒரு மீற்றர் நீளம், 50 மில்லிமீற்றர் உயரம், 20 அகலம், ஒரு முனை சுவரில் இறுக்கம், மறு முனையில் 1000 நியூற்றன், அதாவது ஏறத்தாழ நூறு கிலோ. கையால் போட்டால் முனை 7.6 மில்லிமீற்றர் இறங்க வேண்டும். கணினி சொன்னது மூன்றுக்கும் கீழே. மூன்று நாள் சுமையையும் இரும்பின் விறைப்பு எண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன், ஒன்றிலும் பிழை இல்லை. பிழை எலிமென்ட் வகையில். நான்கு நோட் உள்ள நான்முகித் துண்டு உள்ளுக்குள் வளையவே மாட்டாது, கிடுகு மாதிரி. வளைகிற வேலைக்கு அதைக் கொடுத்தால் இரும்பைவிட விறைப்பாக நிற்கும். அதையே விளிம்பு நடுவிலும் நோட் உள்ள பத்து நோட் வகைக்கு மாற்றினேன், அதே பருமனான மெஷ்ஷில் 7.6 வந்தது. இன்றைக்கும் புதுப் பதிப்பு ஏதாவது போட்டால் முதலில் இந்தப் பட்டத்தையும், நடுவில் ஓட்டை உள்ள அகலத் தகட்டையும் ஓட்டிப் பார்ப்பேன். தகட்டை இழுத்தால் ஓட்டையின் ஓரத்தில் தகைப்பு (ஸ்ட்ரெஸ், பரப்பளவுக்கு இவ்வளவு என்று இரும்புக்குள் வருகிற விசை) எட்ட உள்ளதைப் போல மூன்று மடங்கு வரவேண்டும். வராவிட்டால் அன்றைக்கு வேறு வேலை தொடங்க மாட்டேன்.

அலகுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், சின்னது. கல்குலிக்ஸுக்கு அலகே தெரியாது, எண்தான் தெரியும். மில்லிமீற்றரும் நியூற்றனும் என்று வைத்தால் அடர்த்தியைக் கிலோவில் அல்ல, தொன்னில் கொடுக்க வேண்டும். நான் கிலோவில் கொடுத்தேன். ஸ்டாண்ட் தன் நிறையே ஆயிரம் மடங்கு கூடி, தாங்கி வைக்க முதலே நிலத்தோடு படுத்துவிட்டது. இது நல்ல வகைப் பிழை, ஏனென்றால் பார்த்த உடனே சிரிப்பு வரும்.

சிரிப்பு வராத பிழை அதே தண்ணீர் ஸ்டாண்டில்தான் வந்தது. ஆயிரம் லீற்றர் தாங்கி, மூன்று மீற்றர் உயரம், நான்கு கால். வீட்டுக்காரர் ஒரு நிபந்தனை வைத்தார், கீழே மோட்டார் சைக்கிள் விட வேண்டும், குறுக்குக் கம்பி ஒன்றும் கூடாது. நான் 50க்கு 50 ஆங்கிள், 5 மில்லிமீற்றர் தடிப்பு என்று வரைந்து, தண்ணீர், தாங்கி, மேல் சட்டம் எல்லாம் சேர்த்து ஒரு காலுக்கு 2.6 கிலோ நியூற்றன் ஏற்றி ஓட்டினேன். படம் முழுக்க நீலம், அதாவது எங்கும் தகைப்புக் குறைவு, கூடிய இடம் என்றால் சிவப்பாகக் காட்டும். தகைப்பு 5 மெகா பஸ்கால் சொச்சம், சாதாரண இரும்பு 250 வரைக்கும் நிற்கும். ஐம்பது மடங்கு பாதுகாப்பு என்று பெருமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினேன்.

எங்கள் பட்டறையில் முப்பது வருடமாக ஒட்டுகிற அண்ணை ஒருவர் இருக்கிறார். திரையைப் பார்த்தார், படத்தின் நிறத்தை அல்ல, காலைப் பார்த்தார். "தம்பி, உது நிக்காது. கால் நெளியும்."

"அஞ்சுதான் அண்ணை வருது, இருநூற்றைம்பது தாங்கும்."

அவர் பதில் சொல்லாமல் குப்பைக்குள் இருந்து ஒரு மீற்றர் அளவில் 6 மில்லிமீற்றர் கம்பி ஒன்றை எடுத்து, நிலத்தில் நிமிர்த்தி வைத்து, மேல் முனையை உள்ளங்கையால் அமத்தினார். கம்பி வில்லாக வளைந்தது. "உதை உன்ர கொம்பியூட்டர் பார்த்ததோ?"

பார்க்கவில்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன், அந்தக் கம்பி நசுங்க 700 கிலோவுக்கு மேல் வேண்டும், ஆனால் நெளிய 13 கிலோ போதும். நான் ஓட்டியது சாதாரண நிலைக் கணக்கு, அது நேராக நிற்கிற கால் கடைசிவரை நேராகவே நிற்கும் என்று எடுத்துக்கொள்கிறது. நெளிவைக் கேட்க அதற்கென்று தனிக் கணக்கு இருக்கிறது, கேட்டால்தான் சொல்லும். சரி என்று கேட்டேன். காலுக்கு 10.5 கிலோ நியூற்றன் வரை தாங்கும் என்றது, நான்கு மடங்கு. நிம்மதியாகி அண்ணையிடம் சொன்னேன். அவர் அடுத்த கேள்வி கேட்டார்: "அடியில கால் எப்பிடி நிக்குது?"

அதைக் கேட்டதும் எனக்கு வியர்த்தது. நான் நான்கு காலின் அடியையும் திரையில் தெரிவு செய்து, பூட்டு மாதிரி உள்ள பொத்தானை அமத்தி, முழுக்க இறுக்கம் என்று கொடுத்திருந்தேன். நிலத்தில் உண்மையில் இருக்கப் போவது ஒரு சின்னத் தகடு, நடுவில் ஒரு போல்ட், அதற்குக் கீழே சீமெந்துக் கட்டை. அது கால் திரும்புவதைத் தடுக்காது. அடியைத் திரும்ப விட்டு மறுபடி ஓட்டினேன், 10.5 நான்கில் ஒன்றாகி 2.6 ஆனது. அதாவது தாங்கி நிரம்புகிற அன்றைக்கே, காற்று ஒன்றும் அடிக்காமலே, கால் நெளியும் நிலை. மெஷ் மாறவில்லை, இரும்பு மாறவில்லை, மாறியது ஒரு பொத்தான். ஒயிலர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய சமன்பாட்டில் கையால் போட்டாலும் இதே எண் வருகிறது, அதை முதலில் போட்டுப் பார்க்காதது என் சோம்பல்.

பிறகு கால்களை 50க்கு 50 பொக்ஸ் பாருக்கு (உள்ளே வெறுமையான சதுரக் குழாய்) மாற்றினோம், 3 மில்லிமீற்றர் தடிப்பு. ஆங்கிளை விட நிறை பெரிதாகக் கூடவில்லை, ஆனால் இரும்பு நடுவில் இருந்து விலகி நிற்பதால் அதே மோசமான அடியோடும் 12 கிலோ நியூற்றன் வந்தது. வீட்டுக்காரரும் இறங்கி வந்ததால் காற்றுக்காக மூன்று பக்கம் மட்டும் குறுக்குக் கம்பி, மோட்டார் சைக்கிள் நுழைகிற பக்கம் மேல் மூலைகளில் மட்டும் சாய்வுத் துண்டு. தாங்கி இன்றைக்கும் நிற்கிறது. கீழே மோட்டார் சைக்கிளைத்தான் காணவில்லை, விறகு அடுக்கி வைத்திருக்கிறார்.

ஆறு வருடத்தில் என் பிழைகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். மெஷ் பிழை கொஞ்சம், அலகுப் பிழை கொஞ்சம், மீதி எல்லாம் "இது எங்கே, எப்படிப் பிடிபட்டு நிற்கிறது" என்பதில். மென்பொருள் அதில் ஒருநாளும் குறுக்கே கதைக்காது. எந்தப் பாடத்தைப் பார்த்தாலும் மெஷ் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும், தாங்கு நிலை பற்றி ஒரு பந்தி. எனக்கென்றால் அது தலைகீழாக இருந்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் எது தெரியாதோ அதை இரண்டு விதமாகவும் ஓட்டுவேன், முழுக்க இறுக்கம் ஒன்று, முழுக்கத் தளர்வு ஒன்று. உண்மை நடுவில் எங்கோ இருக்கும், மோசமானதற்கு இரும்பு வாங்குவேன்.

நீலத்தை நம்பி ஏமாந்ததைச் சொன்னேனே, சிவப்புக்கும் அதுதான். கேற் பிணைச்சல் ஒன்றின் உள்மூலையில் 180 மெகா பஸ்கால் வந்தது. மெஷ்ஷைப் பாதியாக்கினேன், 247. இன்னும் பாதியாக்கினேன், 338. இப்படியே போனால் எங்கே நிற்கும் என்று இரவு பதினொரு மணி வரை இருந்து பார்த்தேன், அது நிற்கவே நிற்காது. கூரான உள்மூலையில் கணிதப்படி தகைப்புக்கு முடிவே இல்லை. நிஜத்தில் அங்கே வெல்டிங் படிந்து ஒரு வளைவு இருக்கும், இரும்பும் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். வளைவையும் சேர்த்து வரைந்தால் எண் ஓரிடத்தில் நிலைக்கும். இது தெரியாமல் தடிப்பைக் கூட்டிக் கூட்டி இரும்பை வீணாக்கியது எத்தனை தரம் என்று கேட்காதீர்கள்.

நன்மை ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. லான்ட்மாஸ்டர் பெட்டிகளின் இழுவைக் கம்பி வெடித்து அடிக்கடி எங்களிடம் வரும். வெடிப்பின் மேல் சதுரத் தகடு வைத்து ஒட்டி அனுப்புவோம், சில மாதத்தில் தகட்டின் விளிம்போடு ஒட்டி மறுபடி வெடித்து வரும். இன்னும் பெரிய தகடு வைப்போம், வெடிப்பும் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும். ஒருநாள் அதை அப்படியே வரைந்து ஓட்டினேன். தகடு முடிகிற கோட்டில் விறைப்பு சட்டென்று விழுகிறது, அந்தக் கோட்டில்தான் தகைப்பு குவிகிறது, கம்பியின் குறுக்கே போகிற ஒட்டும் அங்கேயே. தகட்டின் இரு முனையையும் கூம்பாக வெட்டி, முனையில் குறுக்காக ஒட்டாமல் பக்கவாட்டில் மட்டும் ஒட்டினால் குவிவு நன்றாகக் குறைந்தது. அண்ணை இதைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லவில்லை, சோக்குக் கட்டியை எடுத்துத் தகட்டில் கூம்பு கீறத் தொடங்கிவிட்டார். அப்படி ஒட்டியவை இதுவரை திரும்பி வரவில்லை. அனுபவத்துக்கு எங்கே வெடிக்கும் என்று தெரியும், வெட்டுகிற வடிவத்தை இரும்பு வாங்க முதல் பத்துத் தரம் மாற்றிப் பார்க்கிற வசதி எஃப்.ஈ.எம்முக்குத்தான்.

மடிக்கணினி விஷயம். நான் தொடங்கியது 8 ஜிபி நினைவகத்தில். இரண்டு மூன்று லட்சம் நோட் தாண்டினால் அது மூச்சு விடாது. 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் நின்ற காலத்தில் என் மெஷ் அளவைத் தீர்மானித்தது பொறியியல் அல்ல, பற்றரி. ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிகிற மாதிரித்தான் எலிமென்ட் வெட்டுவேன். அது நல்ல பழக்கம் ஒன்றையும் தந்தது, சமச்சீர் உள்ள பொருளைப் பாதி அல்லது கால்வாசி மட்டும் வரைவது, நீளக் கம்பிகளைத் திண்மமாக வரையாமல் பீம் எலிமென்ட்டாக (வெறும் கோடாக வரைந்து, குறுக்குவெட்டை எண்ணாகச் சொல்வது) கொடுப்பது. நான்கு கால் ஸ்டாண்ட் ஒன்றைத் திண்மமாக ஓட்டினால் அரை நாள் போகும், பீமாகக் கொடுத்தால் தேத்தண்ணி ஆறுவதற்குள் முடியும். இப்போது 32 ஜிபி இருக்கிறது, பழக்கம் மட்டும் போகவில்லை.

கடைசியாக இப்போது மேசையில் கிடக்கிற வேலை. பழைய நாற்சார் வீடு ஒன்றுக்குப் பனஞ்சிலாகைக்கு (பனை மரத்தில் அறுத்த கூரைச் சட்டம்) மேலே சூரியத் தகடு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். இரும்புக்கு இரண்டு எண் போதும், விறைப்பு ஒன்று, பக்கவாட்டில் சுருங்குகிற விகிதம் ஒன்று. மரத்துக்கு நார் ஓடுகிற திசை வேறு, குறுக்கு வேறு, ஒன்பது எண் கேட்கிறது. பனை அதிலும் மோசம், வெளிப்பக்கம் வைரம், உள்ளே சோத்தி, அடியும் நுனியும் ஒரே மரம் என்று சொல்ல முடியாது. அதனால் அந்த வீட்டிலேயே கழற்றி வைத்த சிலாகை மூன்றை வாங்கி, இரண்டு கட்டைக்கு நடுவில் கிடத்தி, நுனிக்கு நுனி நூல் கட்டி, நடுவில் ஐம்பது கிலோ சீமெந்து மூட்டை வைத்துத் தொய்வை அளந்துகொண்டிருக்கிறேன். மூன்றும் மூன்று விதமாகத் தொய்கின்றன. அண்ணை இரண்டாவது மூட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், அதை வைத்து அளந்த பிறகுதான் மடிக்கணினியைத் திறக்க வேண்டும்.