உர்னெஸா, போர்குண்டா?

நார்வேயின் சோக்ன் பகுதிக்குப் போய், ஒரே ஒரு மரத் தேவாலயம் பார்க்கத்தான் நேரம் என்றால் எதைப் பார்ப்பது? உர்னெஸ், போர்குண்ட் இரண்டுமே அங்கே 12ஆம் நூற்றாண்டில் எழுந்த கிராமத்துப் பங்குக் கோயில்கள். இரண்டிலும் தூண்கள் மண்ணில் புதையாமல், கல் அடித்தளத்தின் மேல் கிடத்திய உத்தரங்களில் நிற்கின்றன. அவை இத்தனை காலம் மக்காமல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

போர்குண்ட் புகைப்படத்துக்கென்றே பிறந்தது: அடுக்கடுக்கான கூரை, முகட்டில் டிராகன் தலைகள், தார் பூசிக் கறுத்த பலகைகள். 1868இல் பக்கத்திலேயே புதிய கோயில் கட்டியதால் பழையது பிழைத்தது. உள்ளே தெரியும் இடைக்கால வெறுமை முழுக்க அசல் அல்ல. பிற்கால இருக்கைகளை 19ஆம் நூற்றாண்டுச் சீரமைப்பில் எடுத்துவிட்டார்கள். சாலையோரத்தில் இருப்பதால் போவது சுலபம், கூட்டமும் அதற்கேற்ப.

உர்னெஸ் வெளியே சாதாரணம்தான். ஆனால் வடக்குச் சுவருக்குப் போங்கள். 11ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த பழைய கோயிலின் வாசல் செதுக்கல்களை அப்படியே பதித்திருக்கிறார்கள். மெலிந்த விலங்குகளும் பாம்புகளும் ஒன்றையொன்று கவ்விச் சுற்றுகின்றன. எது எங்கே முடிகிறது என்று கண்ணால் தொடர்வதே ஒரு வேலை. வைக்கிங் கலையின் கடைசிப் பாணிக்கே இந்த ஊரின் பெயர். 17ஆம் நூற்றாண்டு மாற்றங்களும் உள்ளே அப்படியே இருக்கின்றன. 1979இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

என் ஓட்டு உர்னெஸுக்கு. எதிர்க்கரையிலுள்ள சோல்வோர்ன் கிராமத்திலிருந்து படகு, இறங்கியதும் மேட்டில் ஏற வேண்டும்.