மின்பதிப்பகமும் ஒரு ளகரமும்: இரண்டரை ஆண்டு அனுபவம்

மேலூரிலிருந்து தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: “அண்ணே, உங்கள் சுங்குடிப் புத்தகத்தைப் போட்ட மின்பதிப்பகத்துக்கு என் கண்மாய்க் கட்டுரைகளை அனுப்பலாமா?” பெரியாற்றுத் தண்ணீர் வருவதற்கு முன்னும் பின்னும் அந்தப் பக்கத்துக் கண்மாய்கள் எப்படி இருந்தன என்று பத்து ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்து எழுதியவர். போனில் சொல்லி முடியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

பணத்தில் குறை சொல்ல மாட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வருகிறது. ஒரு வாரத்தில் தொகையும் வங்கியில் விழுந்துவிடுகிறது. எத்தனை படி விற்றது, எத்தனை திரும்பியது என்று பைசா பிசகாமல் எழுதியிருக்கிறார்கள். அச்சுப் பதிப்பகங்களின் வாசலில் ராயல்டிக்காக நடந்து செருப்புத் தேய்ந்தவன் நான். இதன் அருமை எனக்குத் தெரியும். ஒப்பந்தமும் நேர்மையானது. மூன்று ஆண்டு, மின்னூல் உரிமை மட்டும் என்று தெளிவாக இருக்கிறது. காலத்தை எழுதாமல் விட்டிருந்தால், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி ஐந்து ஆண்டு என்று ஆகியிருக்கும். புதிய பதிப்பகம் எதுவானாலும் கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

இனி என் வயிற்றெரிச்சல்.

என் நூல் மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் சௌராஷ்டிரப் பெண்களைப் பற்றியது. தலைப்பிலேயே ‘சௌராஷ்டிர’ என்ற சொல் உண்டு. மின்னூல் வெளியான அன்று இரவு கடையின் தேடல் பெட்டியில் அந்தச் சொல்லைத் தட்டினேன். நூல் வரவில்லை. எழுத்துப் பிழையோ என்று மறுபடி தட்டினேன். வரவில்லை. என் பெயரைத் தட்டியதும் அட்டையோடு வந்து நின்றது. தலைப்பைப் பிரதி எடுத்து ஒவ்வோர் எழுத்தாக அழித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: அவர்கள் போட்டிருந்தது ‘சௌ’ அல்ல, ‘செ’யும் ‘ள’வும்.

நான் யூனிகோடுக்கு முந்தைய வகையான பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து கொடுத்திருந்தேன்; மின்னூலுக்காக அவர்கள் அதை யூனிகோடுக்கு மாற்றினார்கள். அதில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசைதான். தாளில் அச்சடித்தால் யாருக்கும் வேறுபாடு தெரியாது. யூனிகோடில் அப்படியில்லை; ‘ௌ’ தனிக்குறி, ‘ள’ தனியெழுத்து. பாமினியை யூனிகோடாக மாற்றும் நிரல் இரண்டில் எது என்று தானாக அறியாது, மனிதர்தான் பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் கண் மங்கிய பெரியம்மா ஒருவர் கைப்பேசி வாசிக்க நூல்களைக் கேட்பார். அவர் காதில் அவருடைய சமூகத்தின் பெயரே “செளராஷ்டிர” என்று ளகரம் தனியாகத் தெறித்து விழுந்தது. “என்னப்பா, எங்கள் பேரைக்கூடச் சரியாக எழுதவில்லையா?” என்று கேட்டார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

புகார் செய்தேன். மறுநாளே பணிவான பதில் வந்தது, நான்காம் நாள் திருத்திய பதிப்பும் வந்தது. திறந்து பார்த்தால், நூல் முழுக்க ‘ெ’யும் ‘ள’வும் அருகருகே வந்த இடத்தையெல்லாம் ஒரே வீச்சில் ஔகாரமாக்கிவிட்டிருந்தார்கள். ‘வெளியீடு’ ‘வௌியீடு’ ஆயிற்று. முடிச்சை அவிழ்த்ததும் துணியில் தெரியும் வெள்ளைப் புள்ளிதான் சுங்குடிக்கு உயிர். அந்த ‘வெள்ளை’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் ‘வௌ்ளை’ என்று உடைந்து கிடந்தது. இன்னொரு மாதம் கடிதம் எழுதி மூன்றாம் பதிப்பு வாங்கினேன். தலைப்பு சரியாகிவிட்டது. உள்ளே 43 இடங்களில் பிழை இன்னும் இருக்கிறது. பக்க எண்ணோடு பட்டியல் அனுப்பி ஓராண்டு ஆகிறது. கேட்டால் மெய்ப்புப் பார்க்க ஆள் இல்லை என்கிறார்கள்.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, காசு வாங்காமல் இணையம் வழியாக உலகத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு படிக்கும் விலை வாங்குகிற இடத்தில் ஆள் இல்லை என்றால் என்ன அர்த்தம்?

தம்பியைப் போல யோசிக்கிறவர்கள் கையெழுத்துப்படியை அனுப்புமுன் அந்தப் பதிப்பகத்தின் மின்னூல் ஒன்றை விலைக்கு வாங்குங்கள். அதில் ‘மௌனம்’, ‘கௌரவம்’, ‘ஔவை’ என்று தேடுங்கள். பிறகு ‘வெளியே’ என்று தேடுங்கள். கண்ணால் படிக்கும்போது இருக்கும் சொல் தேடும்போது கிடைக்கவில்லை என்றால் ஒப்பந்தத்தைப் படிக்கவே வேண்டாம்.

பணம் ஒழுங்கு, பேச்சு மரியாதை, ஒப்பந்தம் நேர்மை என்றெல்லாம் நானே மேலே எழுதியிருக்கிறேன். ஒரு வரியையும் திரும்பப் பெறவில்லை. இருந்தாலும் மேலூர்த் தம்பிக்கு நேற்று இரவு அனுப்ப வேண்டாம் என்றுதான் பதில் எழுதினேன். வெள்ளமும் வெள்ளாமையும் இல்லாமல் கண்மாயைப் பற்றி ஒரு பக்கம்கூட எழுத முடியாது. அந்தச் சொற்களை இவர்கள் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.